ஸ்பானிஷில் எத்தனை ‘வேண்டும்’?

வணக்கம். ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘தெங்கோ கே’, ‘தெபோ’, ‘ஐ கே’ மூன்றுக்கும் நோட்டில் ‘வேண்டும்’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். பேசும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் திணறுகிறேன். ‘இன்ஃபினிதிவோ’, ‘பெரிஃப்ராசிஸ்’ போன்ற சொற்களைப் பார்த்தாலே மிரட்சியாக இருக்கிறது. கொஞ்சம் விளக்க முடியுமா?

*

அன்புள்ள நண்பருக்கு,

மிரளவே வேண்டாம். இன்ஃபினிதிவோ என்பது ஏறக்குறைய நம் செயவெனெச்சம்தான். போக, செய்ய, வர என்று ஆளும் காலமும் ஒட்டாத வடிவம். ஸ்பானிஷில் அது ஆர், எர், இர் என்று முடியும். அதோடு இன்னொரு வினை சேர்ந்து, இரண்டும் ஒரே வினைபோல நடந்தால் பெரிஃப்ராசிஸ். ‘போக வேண்டும்’ என்பதும் அப்படி ஒரு சேர்க்கைதானே. ஸ்பானிஷில் வரிசை தலைகீழ், ‘வேண்டும்’ முன்னால் வந்துவிடும்.

சரி, மூன்றுக்கும் என்ன வேறுபாடு? நம் ‘வேண்டும்’ யாருக்காகவும் மாறாது. ‘தெனேர் கே’ ஆளுக்கு ஆள் மாறும்: நான் என்றால் தெங்கோ கே, நீ என்றால் தியெனெஸ் கே. வேலை யார் தலையில் என்பது வினையிலேயே தெரிந்துவிடும். ‘ஐ கே’யில் ஆளே கிடையாது.

இது எனக்குப் புரிந்தது மத்ரித்தில், நான் தங்கியிருந்த வீட்டின் சமையலறையில். குப்பைக்கூடை நிரம்பி வெங்காயத் தோல் தரையில் கிடந்தது. கூடத் தங்கியிருந்தவர் கூடையைப் பார்த்து, ‘ஐ கே சகார் லா பசூரா’ என்றார். குப்பையை வெளியே வைக்கணும். நம் வீட்டில் அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் ‘துணி காயப்போடணும்’ என்பாரே, அதே தொனி. மறுநாள் காலையிலும் கூடை அப்படியே இருந்தது. இம்முறை என் பக்கம் திரும்பி, ‘தியெனெஸ் கே சகார் லா பசூரா’ என்றார். உடனே எழுந்து போனேன்.

அடுத்து ‘தெபேர்’, உங்கள் ‘தெபோ’வின் மூல வடிவம். எனக்கு மிகவும் பிடித்த சொல். செய்வது முறை, கடமை என்ற தொனி அதில் உண்டு. ‘தே தெபோ தியெஸ் எவ்ரோஸ்’ என்றால் உனக்குப் பத்து யூரோ தரவேண்டியிருக்கிறது என்று பொருள். கடனும் கடமையும் ஒரே சொல்லில்! நமக்கும் அப்படித்தான், காலைக்கடன், நேர்த்திக்கடன் என்கிறோமே. ‘தெபெரியாஸ்’ என்று மாற்றினால் ‘நீ செய்தால் நல்லது’ என்று இறங்கிவிடும், அறிவுரைக்கு ஏற்றது.

அப்புறம் ‘தெபேர் தே’. இது ஊகம். ‘தெபென் தே செர் லாஸ் தியெஸ்’, மணி பத்து இருக்க வேண்டும். இங்கேயும் நம் ‘வேண்டும்’ அப்படியே பொருந்துவதைப் பாருங்கள். ஊகத்துக்கு ‘தே’ இல்லாமல் சொன்னாலும் தவறில்லை; கடமைக்கு மட்டும் ‘தே’ சேர்க்காதீர்கள்.

எதிர்மறையில் கவனம் தேவை. ‘நோ தியெனெஸ் கே வெனிர்’ என்றால் பெரும்பாலும் ‘நீ வரவேண்டியதில்லை’ என்றுதான் பொருள். வரக் கூடாது என்று சொல்ல ‘நோ தெபெஸ் வெனிர்’. ‘நோ ஐ கே’ மட்டும் இரண்டு பக்கமும் சாயும்: ‘நோ ஐ கே பகார்’ என்றால் பணம் கட்டத் தேவையில்லை, ‘நோ ஐ கே கிரிதார்’ என்றால் கத்தக் கூடாது. இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். நோட்டில் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் இரண்டு பொருளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.