மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா?

கேள்வி: பழைய இரும்பு வாங்கி விற்கிறோம். லோரி எடைமேடையின் எடைகாட்டியிலிருந்து ஆபீஸ் கணினிக்கு சீரியல் கேபிள் வழியாக எடை வரும். இடி மழைக்குப் பிறகு வருவதில்லை. எடைகாட்டியில் எண் சரியாகத் தெரிகிறது. பழுது பார்க்க வந்தவர், போர்ட் போய்விட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றவா?
(வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அவர் போர்ட்டைச் சோதித்துவிட்டுச் சொன்னாரா என்று முதலில் கேளுங்கள். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைச் சோதனைப் பிரிவில் வேலை செய்தவன் நான். லூப்பேக் போட்டுப் பார்க்காமல் எந்த போர்டையும் நாங்கள் ஒதுக்கியதில்லை. உங்கள் பணத்துக்கும் அந்த மரியாதை வேண்டும்.

லூப்பேக் என்றால் கணினி அனுப்பும் எழுத்தை அதனிடமே திருப்பிவிடுவது. ஒன்பது பின் போர்ட்டில் 3 அனுப்பும் பின், 2 வாங்கும் பின். டிபி9 பீமேல் செருகி (ஒன்பது துளை உள்ளது) ஒன்று வாங்கி, 2-ஐயும் 3-ஐயும் சின்னக் கம்பியால் இணைத்து சோல்டர் வையுங்கள். அப்படியே 7-ஐயும் 8-ஐயும் இணையுங்கள். செருகியின் பிளாஸ்டிக்கில் துளைகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எண் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். பின்பக்கமாகப் பார்க்கும்போது வரிசை இடம் வலமாக மாறிவிடும் என்பதால் கண் மதிப்பில் எண்ண வேண்டாம்.

எடை மென்பொருளை மூடிவிட்டு, கேபிளைக் கழற்றி, செருகியைக் கணினியில் குத்துங்கள். புட்டி (PuTTY) மாதிரி ஒரு டெர்மினல் மென்பொருளில் அந்த காம் (COM) போர்ட்டைத் திறந்து, அதன் அமைப்பில் ஃப்ளோ கன்ட்ரோல், லோக்கல் எக்கோ இரண்டையும் நிறுத்திவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டிய எழுத்து திரையில் வர வேண்டும். பிறகு செருகியைப் பிடுங்கிவிட்டுத் தட்டுங்கள், இப்போது வரக்கூடாது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிடுங்கிய பிறகும் எழுத்து வந்தால் டெர்மினலே தனக்குத்தானே காட்டிக்கொள்கிறது, நீங்கள் எதையும் சோதிக்கவில்லை.

செருகி இருக்கும்போது வந்து, எடுத்ததும் நின்றால் போர்ட் அனுப்புகிறது, வாங்குகிறது. மதர்போர்டு பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்தது கேபிள். அதைக் கணினியில் மாட்டி, எடைகாட்டிப் பக்கத்து முனையில் செருகியைப் போடுங்கள். அந்த முனையும் பீமேலாக இருந்தால் பின் நீட்டிக்கொண்டிருக்கும் ஆண் (male) செருகி ஒன்று செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஒருவர் தட்டிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கேபிளின் கழுத்தை மெல்ல வளைக்கட்டும். வயர் அங்கேதான் அறும். மேலே உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு பச்சைப் பூத்து நூல் நூலாக விட்டிருக்கும். விரலால் இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர் போல நீளும். வளைக்கும்போது எழுத்து விட்டுவிட்டு வந்தால் கேபிளை மாற்றுங்கள்.

இரண்டும் தேறினால் என் சந்தேகம் எடைகாட்டியின் மேல்தான். வெளியே இரும்பு மேடை, நீள கேபிள், மின்னல்: சீரியல் சிப்பைச் சாகடிக்க இவை போதும். எடைகாட்டியை இயக்கி, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, அதன் தரை பின்னுக்கும் அனுப்பும் பின்னுக்கும் நடுவே அளந்து பாருங்கள். எந்தப் பின் எது என்று அதன் கையேட்டில் இருக்கும். ஆர்எஸ்-232-இல் சும்மா இருக்கும் அனுப்பும் பின்னில் மைனஸ் 5-லிருந்து மைனஸ் 12 வரை வோல்ட் காட்டுவது வழக்கம். விடாமல் எடை அனுப்பும் கருவியானால் எண் ஆடும், பரவாயில்லை. பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்தால் அந்த சிப் போய்விட்டது. எடைகாட்டியைத்தான் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: யூஎஸ்பி-சீரியல் அடாப்டர், கேபிள் இரண்டும் லூப்பேக்கில் தேறிவிட்டன. ஆனால் ரசீது பிரிண்டர் கிறுக்கலாக அடிக்கிறது. ஏன்?
(வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: அநேகமாக எழுத்து அனுப்பும் வேகம் (பாட் ரேட்) ஒத்துப்போகவில்லை அம்மா. லூப்பேக்கில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே போர்ட் என்பதால் எந்த வேகம் வைத்தாலும் தேறிவிடும். பிரிண்டரை அணைத்து, காகிதம் தள்ளும் பொத்தானை அழுத்தியபடி மறுபடி போடுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தங்கள் அமைப்பை அச்சடித்துக் கொடுக்கும். அதில் உள்ள வேகம், பிட், பேரிட்டி மூன்றையும் அப்படியே மென்பொருளில் வையுங்கள். கிறுக்கலாவது வருவது நல்ல சேதி, வயர் சரியாக இருக்கிறது. ஒன்றுமே வராதிருந்தால்தான் நேர் கேபிளா, குறுக்குக் கேபிளா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். அதையும் லூப்பேக் காட்டாது, இரண்டிலும் எழுத்து திரும்பிவிடும். மல்டிமீட்டரை பீப் சத்தம் போடும் சோதனையில் வைத்து, ஒரு முனையின் 2-லிருந்து மறுமுனையின் 2-க்குச் சத்தம் வந்தால் நேர், 2-லிருந்து 3-க்கு வந்தால் குறுக்கு.

கேள்வி: லூப்பேக் செருகியில் 1, 4, 6 பின்களையும் சேர்த்து இணைக்க வேண்டும் என்கிறார்களே? செருகி எங்கே வாங்கலாம்?
(வாசகர், செந்தூல்)

பதில்: முழு லூப்பேக் என்றால் அதுவும் சேரும், சில சோதனை மென்பொருள்கள் கேட்கும். வெறும் எழுத்து திரும்புகிறதா என்று பார்க்க 2-3 போதும். ஆனால் கடைகளில் பில் போடும் பிஓஎஸ் கணினிகளில் கவனம். ஸ்கேனர், சின்னத் திரை போன்றவற்றுக்காக 1 அல்லது 9-ஆம் பின்னில் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ மின்சாரம் விட்டிருப்பார்கள். அங்கே 1-ஐ இன்னொன்றோடு இணைத்தால் நல்ல போர்ட்டையே எரித்துவிடுவீர்கள். முதலில் 1, 9 இரண்டையும் 5-ஆம் பின்னோடு (தரை பின்) வோல்ட் அளந்து பார்த்துவிட்டுக் கை வையுங்கள். செருகி, கம்பி, சோல்டர் எல்லாம் புடு ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.