செத்தவர்களுக்கும் வயது ஏறும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தொடரின் பதினெட்டாம் அத்தியாயத்தில் விசாலாட்சி ஆச்சி இறந்துவிட்டார். என் அம்மா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸைச் சாகடித்த கோனன் டாயிலே வாசகர்களுக்காக அவரைத் திரும்பக் கொண்டுவந்தாரே. உயிர் எழுதுகிறவர் கையில்தானே இருக்கிறது? ஆச்சியைப் பிழைக்க வைக்க ஒரு பாரா போதாதா? அப்படி எழுதினால் அது இலக்கியம் ஆகாதா? இன்னொன்று, காரைக்குடியில் ஒரு தெருவின் பெயரை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள தம்பி,

தெரு என் தவறு. திருத்திவிட்டேன். இலக்கியம் ஆகுமா ஆகாதா என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கென்றே கூட்டம் போட்டு டீ குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆச்சியின் சாவை எழுதி முடித்த அன்று நானும் சாப்பிடவில்லை.

ஆனால் 'ஒரு பாரா போதாதா' என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது. கடைக்காரரிடம் கொசுறு கேட்பது மாதிரி உயிரைக் கேட்கிறீர்கள். டாயில் 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளினார், 1903இல் மீட்டார். எப்படி மீட்டார் என்று எடுத்துப் படியுங்கள். அவர் விழவே இல்லை, பாறையைப் பிடித்து ஏறித் தப்பிவிட்டார் என்று எழுதினார். அது உயிர்ப்பித்தல் இல்லை தம்பி, பழைய பேரேட்டை அடித்துத் திருத்துவது. பிணம் கிடைக்காதபடி முதலிலேயே எழுதிவைத்ததால் பிழைத்தார். நான் ஆச்சியை வளவில், ஊரே பார்க்கக் கிடத்தியிருக்கிறேன். எந்தப் பாறையைப் பிடித்து ஏறுவார்?

உண்மையாக உயிர்ப்பித்தவர்கள் கதை வேண்டுமென்றால் சேக்கிழாரிடம் போங்கள். மயிலாப்பூர்ச் சிவநேசர் வணிகர். அவர் மகள் பூம்பாவை ஏழு வயதில் பாம்பு தீண்டி இறந்தாள். சாம்பலையும் எலும்பையும் குடத்தில் போட்டுக் காத்திருந்தார். சம்பந்தர் வந்து, ஓணம், கார்த்திகை, ஆதிரை, பூசம் என்று திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'காணாதே போதியோ பூம்பாவாய்' என்று பாடினார். அவள் எழுந்து வந்தபோது வயது ஏழு இல்லை, பன்னிரண்டு. குடத்துக்குள் கிடந்த வருடங்களும் சேர்ந்தே வளர்ந்திருந்தன. அவிநாசியில் முதலை விழுங்கிய ஐந்து வயதுப் பையனும் அப்படித்தான், சுந்தரர் பாட, இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்த்தியோடு கரையேறினான். முதலையும் நெருப்பும் தின்ற காலத்தைப் பைசா விடாமல் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். வட்டிக் கணக்கில் பிழைத்த ஊர்க்காரர்கள் நாம், நமக்கே இது புரியாவிட்டால் எப்படி?

அதோடும் முடியவில்லை. மகளை மணந்துகொள்ளச் சொன்னார் சிவநேசர். உயிர் கொடுத்ததால் எனக்கு மகளாகிறாள் என்று மறுத்துவிட்டார் சம்பந்தர். பூம்பாவை கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. திரும்பி வந்தவள் கொடுத்த விலை அது. நீங்கள் கேட்கும் பாராவில் ஆச்சி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார், அவ்வளவுதானே?

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன். தேவகோட்டைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற ஊர்களில் எழுதுவதற்குப் படைப்பு என்று பெயர். எங்கள் பக்கம் படைப்பு என்றால் இறந்துபோன முன்னோருக்குப் பங்காளிகள் கூடிப் புதுத் துணி வைத்து இலை போடுவது. எங்கள் வீட்டுப் பேழையில் நான் பார்த்தேயிராத அத்தை ஒருவருக்கும் துணி உண்டு. 1944இல், ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போனவர்.

அப்பத்தா அத்தைக்கு ஏழு வயதுப் பாவாடையை ஒரு தடவைக்கு மேல் எடுக்கவில்லையாம். பங்காளி வீட்டில் அத்தையோடு ஒரே மாதத்தில் பிறந்த பெண் ஒருத்தி இருந்தாள். ஒவ்வொரு படைப்புக்கும் முன்னால் அப்பத்தா அவளை முற்றத்தில் நிறுத்தி, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சாணால் அளப்பாராம். பாவாடை நீண்டுகொண்டே போனது. அந்தப் பெண் தாவணி போட்ட வருடம் பேழைக்குள் தாவணி போனது. அவளுக்குக் கல்யாணமான வருடம் அரக்கில் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலை. கல்யாணமாகாத பிள்ளைக்கு இது முறையா என்று பங்காளிகளுக்குள் பேச்சு வந்தது. அப்பத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1977 படைப்பு எனக்கு நினைவிருக்கிறது, அப்போது எனக்குப் பத்து வயது. அந்த ஒத்த வயதுப் பெண்மணி பெரிய கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு வந்திருந்தார். கைமாற்று நோட்டைத் தூரப் பிடித்துப் படிப்பதைப் பார்த்துக் கேலி செய்து, வீட்டில் வாங்கிக் கொடுத்தார்களாம். அப்பத்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படைப்பு அடுத்த வெள்ளிக்குத்தான் என்று சொல்லி எல்லோரையும் ஒரு வாரம் காக்கவைத்துவிட்டு, மறுநாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறினார். கண்ணாடிக் கடைக்காரர், யாருக்கு, என்ன பவர் என்று கேட்டார்.

"நாற்பது வயதுக்காரிக்கு" என்றார் அப்பத்தா.

வெள்ளிக்கிழமை பெரியப்பா பேழையைத் திறந்தவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கத்தினார். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று. அப்பத்தா பதில் பேசவில்லை. அதன் காம்புகளை மடக்கினார், சேலைத் தலைப்பால் இரண்டு சில்லையும் துடைத்தார், புதுச் சேலையின் மடிப்புக்குள் செருகிவிட்டு இலை போடச் சொன்னார்.