கிரீன் சர்க்கிளில் இடப்பக்கம் வெட்டும் கார்கள்

வேலூரில் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு பைக்கில் போகையில் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் கார்கள் சிக்னல் போடாமல் இடதுபக்கம் வெட்டுது, ஹாரனும் எடுபடலைன்னு கேட்டிருந்தீங்க. இண்டிகேட்டரை நம்பாதீங்க நண்பரே, முன்சக்கரத்தைப் பாருங்க. பாடி திரும்பும் முன்னே டயர் காட்டிக்கொடுத்துடும். காரின் இடப்பக்கப் பின்கதவை ஒட்டிப் போறதுதான் பெரிய தப்பு. மிரரில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா அவருக்கு நீங்களும் தெரியலை. பின்வாங்கிடுங்க.

40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் ஓடும். முன்னால் போற காரோட இரண்டு நொடி இடைவெளிக்கு 22 மீட்டர் வேணும். அந்த நெரிசலில் யார் விடுவாங்க? 25-க்கு இறக்கி, இரண்டு விரலை பிரேக் லீவர் மேலேயே வையுங்க. காலி ரோட்டில் காரணமில்லாமல் வேகம் குறைஞ்சு கோட்டுக்குள்ளே தள்ளாடுற கார்னா, ஆள் பெரும்பாலும் போனில்தான்.

இரட்டை ஹாரன் மாட்டினா ரிலேயும் (ஹாரனுக்கான கரண்ட் கைப்பிடி சுவிட்ச் வழியா போகாமல் பார்த்துக்கும் மின்சுவிட்ச்) 15 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்க. ரிலே இல்லாமல் நேரா ஒயர் இழுத்தா ஹாரன் சுவிட்ச் கருகிடும்.