தாளப்பெட்டியும் தகரச் சத்தமும்

பழைய கருவிகளையும் நகரத்துத் தாளங்களையும் கோத்து இசையமைக்கும் நம் பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: 'உலக இசை' என்கிறார்களே, உலகத்தில் இல்லாத இசை என்று ஒன்று உண்டா?

பதில்: நியாயமான நக்கல். 1987-இல் லண்டன் மதுக்கடை ஒன்றில் சிறிய இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடிப் பேசி ஒட்டிய சீட்டு அது. வெளிநாட்டு இசைத்தட்டுகளை எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரர்கள் விழித்ததற்கு ஒரு வழி. அந்தப் பெயர் அலமாரியைப் பற்றிச் சொல்லும், இசையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என் பாட்டுகளும் அங்கேதான் கிடக்கின்றன, நான் வைக்கவில்லை.

கேள்வி: நண்பர் வாசித்த எம்பிராவை (பலகையில் பொருத்திய உலோக நாக்குகளைக் கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்கக் கருவி) பதிவு செய்து, கணினியில் ஹிப்-ஹாப் தாளத்தோடு சேர்த்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனாலும் உயிரில்லை. எங்கே கோளாறு?

பதில்: 'கச்சிதமாகப் பொருந்துகிறது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான். குவான்டைஸ் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள்; ஒவ்வொரு ஒலியும் தன் கட்டத்துக்குள் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மாலி நாட்டு ஜெம்பே என்ற கைமேள வாசிப்பைக் கவனித்துக் கேளுங்கள். ஒரு தட்டுக்குள் விழும் அடிகள் ஒரே நீளமாக இருக்காது. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. கை பிசகியதால் வந்ததல்ல, அந்த இசையின் நடையே அதுதான். அதை நேராக்கினால், நன்றாக நடந்துகொண்டிருந்தவரை அணிவகுப்பில் நிறுத்தியது போலாகிவிடும்.

எம்பிராவை விட்டுவிட்டுத் தாளப்பெட்டியை வளையுங்கள். 1988-இல் வந்த எம்பிசி 60 என்ற தாளப்பெட்டியிலேயே, ஒன்றுவிட்டு ஒன்றாக அடிகளைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கும் ஸ்விங் வசதி உண்டு. 50 சதவீதத்தில் வைத்தால் நேர் நடை, 66-ஐ ஒட்டி வைத்தால் மும்மை நடை. நான் பெரும்பாலும் 54-க்கும் 58-க்கும் நடுவில் அலைந்துகொண்டிருப்பேன். அதிலும் திருப்தி வராவிட்டால், கட்டத்தை மூடிவிட்டு விரலாலேயே தட்டிப் பதிவு செய்வேன். பத்து தடவை தட்டினால் ஒன்று தேறும்.

சுருதியையும் பாருங்கள். எம்பிராவுக்குச் செய்பவரைப் பொறுத்து சுருதி மாறும். பியானோவோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கடமை அதற்கு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் மரக்கட்டை இசைக்கருவியான பாலஃபோனில் ஒரு ஸ்தாயியை ஏறக்குறைய ஏழு சம பாகமாகப் பிரிப்பவர்கள் உண்டு. சுர இடைவெளியை அளக்கும் சென்ட் கணக்கில் ஒரு படிக்குச் சுமார் 171. பியானோவிலோ அரைச் சுரத்துக்கு 100. இதற்கடியில் சின்தசைசரை விரித்து வைத்தால் இரண்டும் பல்லைக் கடித்துக்கொள்ளும். நான் அந்த விரிப்பை எடுத்துவிட்டு, ஒற்றை பேஸ் ஒலியை மட்டும் கருவியின் சுருதிக்கு இழுத்து வைப்பேன்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்பிராவின் பலகையில் சோடா மூடிகளோ சிறு சிப்பிகளோ கட்டியிருப்பார்கள். உலோக நாக்கைத் தட்டும்போதெல்லாம் 'கிர்ர்' என்று அதிரும். ஆரம்ப நாட்களில் அது எனக்குத் தகரச் சத்தமாகத்தான் பட்டது. இரவெல்லாம் உட்கார்ந்து மென்பொருளால் அதைத் துடைத்து எடுத்தேன். காலையில் வாசித்தவர் வந்தார், ஹெட்போனை மாட்டினார், இரண்டு நிமிடம் கேட்டார், கழற்றி மேசையில் வைத்தார். பிறகு தன் எம்பிராவை எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு மூடியாகச் சுண்டிக் காட்டினார். ஏழு மூடிகள். வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை பழைய பதிவையே திரும்ப எடுத்துப் போட்டேன். அதிர்வு வந்ததும், தாளத்தில் 'ட்ஸ் ட்ஸ்' என்று ஒலிக்கும் ஜால்ரா போன்ற என் ஹை-ஹாட் இடைஞ்சலாகக் கேட்டது. இரண்டும் ஒரே இடத்துக்கு முண்டின. ஹை-ஹாட்டைத் தூக்கினேன். உங்கள் பாட்டிலும் முதலில் அதைத் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: பழைய களப்பதிவு ஒன்றில் அருமையான பெண் குரல். பாடியவர் யாரென்று தெரியாது. நான்கு வரியை வெட்டி எடுக்கலாமா?

பதில்: தெரியாதா, தேடவில்லையா? பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் ஒன்றான மலைத்தாவில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை ஹ்யூகோ செம்ப் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். பெற்றோரை இழந்த சிறுவனை மூத்த பிள்ளை தேற்றும் பாட்டு. 1992-இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சு இசைக்குழு அந்தக் குரலை நடனத் தாளத்தில் ஏற்றியது. பாட்டு உலகத்தைச் சுற்றியது, பாடியவர் பெயர் கூடவே போகவில்லை. மத்திய ஆப்பிரிக்கக் காட்டுக் குரல் என்றே பலர் நம்பினார்கள். ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். பதிவு செய்த நாளும் ஊரும் பெரும்பாலும் குறிப்பில் இருக்கும், அங்கிருந்து குடும்பத்தைத் தேடலாம். நான் அப்படி எழுதிவிட்டு எட்டு மாதம் காத்திருந்து, பதில் வராமல் ஒரு நல்ல பாட்டை அப்படியே மூடி வைத்திருக்கிறேன். வயிற்றெரிச்சல்தான்.

கேள்வி: மின்சாரம், எதிரொலி, இரைச்சல் எல்லாம் சேர்த்து மரபைக் கெடுக்கிறீர்கள் என்கிறேன். மறுப்பீர்களா?

பதில்: கெடுத்ததும் உண்டு, மேலே ஏழு மூடிகளைப் பார்த்தீர்கள். ஆனால் இரைச்சலை எப்போதும் வெளியாள்தான் கொண்டுவருகிறான் என்பதை ஏற்க மாட்டேன். காங்கோவின் கின்ஷாசாவில் கோனோனோ நம்பர் 1 என்ற குழு. எம்பிரா போலவே கட்டைவிரலால் வாசிக்கும் லிக்கெம்பேயின் மெல்லிய ஒலி தெருச் சந்தடியில் எடுபடவில்லை. பழைய கார் பாகங்களிலிருந்து காந்தத்தைப் பிரித்தெடுத்துத் தாங்களே ஒலிவாங்கி செய்துகொண்டார்கள். ஒலி பிளந்து, கரகரத்து வந்தது. அதையும் பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். 2004-இல் வந்த 'காங்கோட்ரானிக்ஸ்' தொகுப்பில் கேட்கலாம். முதல் தடவை அதைப் போட்டபோது, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று நினைத்து நான் ஒயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.