படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு உடம்பு துடைக்கும்போது நர்ஸ் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் திரை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எங்கள் பாட்டா கிடந்தபோது, திரையை இழுக்காமலே வேட்டியை விலக்கிவிட்டார்கள். எதிர்க்கட்டில்காரர்தான் பாவம், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாட்டா அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

மறுநாள் வந்த சிஸ்டர், மலையாளம் கலந்த தமிழில், "பாட்டா, முதுகு துடைக்கட்டா?" என்று கேட்டார். போர்வையை மொத்தமாக உருவவில்லை. ஒரு கையைத் துடைத்து, ஈரம் ஒற்றி, மூடிவிட்டு அப்புறம்தான் அடுத்த கை. இடுப்புக்குக் கீழே வந்ததும் தண்ணீரை மாற்றினார். கை எட்டும் இடத்தை அவரையே துடைக்கவிட்டார்.

சரி, இதற்கு விதி உண்டா? உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த 2018 நோயாளி உரிமைப் பட்டியலில் மானமும் அந்தரங்கமும் வருகின்றன. பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதித்தால் கூடவே ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.