சென்னையில் வயதான பெற்றோருடன் இருக்கிறேன். 75 லட்சத்துக்குள் சொகுசு செடான் வாங்கலாமா, எஸ்யூவி வாங்கலாமா?

கேள்வியில் "வயதான பெற்றோருடன்" என்று இருந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் கடந்து போயிருப்பேன். நீங்கள் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் செடானையும் பென்ஸ் ஜிஎல்சி எஸ்யூவியையும் பார்த்து வைத்திருப்பீர்கள். நீங்கள் செடான் என்பீர்கள், வீட்டில் எஸ்யூவி என்பார்கள், அப்பா அம்மாவை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

"முக்கால் கோடிக்குக் கார் வாங்குகிறவனுக்கு வேறு என்ன கவலை" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் முதல் வண்டி, இரண்டு கை மாறி வந்த மாருதி 800. கிண்டியில் முப்பது வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். யார் பணத்தையும் ஏமாற்றி வாங்கவில்லை. இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

2019இல் ஒரு சொகுசு செடான் வாங்கினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், கேட்டாலும் சொல்லமாட்டேன். பின்சீட்டில் உட்கார்ந்தால் வெளியே மழை பெய்கிறதா என்று கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு நிசப்தம். செடானில் டிக்கி தனியறையாக இருப்பதால் பின்சக்கரத்துச் சத்தம் உள்ளே வருவது குறைவு. வண்டி தரையோடு தாழ்ந்து ஓடுவதால் வளைவில் உடம்பு சாய்வதும் குறைவு. பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கு அதைவிடச் சுகம் கிடையாது. எஸ்யூவிக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் வீடு மடிப்பாக்கம், மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. அடுக்ககத்தின் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த வண்டி கண்ணாடி மட்டத்துக்கு மூழ்கியது. மூன்றாம் நாள் தண்ணீரை இறைத்த பிறகு இறங்கிப் போய், "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போமே" என்று பொத்தானை அழுத்தியவன் நான்தான். இரும்போடு வாழ்கிறவன் செய்யக்கூடாத முட்டாள்தனம். காற்றை அழுத்திச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு என்ற கம்பி வளைந்துபோகும், வளைந்தது. நனைந்த இருக்கைக்கும் ஒயரிங்குக்கும் காப்பீட்டில் பணம் வந்தது. எஞ்சினுக்கு வரவில்லை. தண்ணீரோடு இயக்கியதால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருக்க வேண்டும். செடானோ எஸ்யூவியோ, அதை மறக்காமல் எடுங்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் எஸ்யூவி வாங்கினேன். உயரமான வண்டி, இனி வெள்ளத்துக்குப் பயமில்லை என்று நினைப்பு. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. செடானுக்கும் சாதாரண சொகுசு எஸ்யூவிக்கும் தரை இடைவெளியில் வித்தியாசம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் மாதிரி வண்டி 90 செ.மீ. தண்ணீரில் இறங்கும் என்கிறார்கள், பிஎம்டபிள்யூவின் பெரிய எஸ்யூவியான எக்ஸ்5க்கே 50தான். எங்கள் அடித்தளத்தில் நெஞ்சளவுக்கு நின்றது. அன்றைக்கு எந்த வண்டி நின்றிருந்தாலும் அதே கதிதான். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்தினார்களே, அவர்கள் புத்திசாலிகள். அந்த வரிசையில் இரண்டு வகையும் இருந்தன.

இனி அம்மா கதை. அம்மாவுக்கு 76 வயது, நாலடி பத்தங்குலம். 2022இல் இரண்டு முழங்காலும் மாற்று அறுவைச் சிகிச்சை ஆனது. செடானில் உட்காரும்போது தொப்பென்று விழுவார்; இறங்கும்போது நான் இரண்டு கையையும் பிடித்துக் கிணற்றிலிருந்து தூக்குவது போல் தூக்க வேண்டும். எஸ்யூவி வந்தால் இந்தத் தொல்லை தீரும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் புறப்பட்டோம். கதவைத் திறந்தேன். அம்மா ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். வாசற்படியின் உயரம் எட்டவில்லை. இடது காலைத் தூக்கினார். பிறகு காலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார்.

சமையலறையில் பாட்டி காலத்துப் பலகை மணை ஒன்று கிடந்தது. அதை டிக்கியில் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தோம். கோயில் வாசலில் ஓட்டுநர் ஓடி வந்து மணையைப் போடுவார், அம்மா அதில் கால் வைத்து இறங்குவார், பூக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நான்காவது வாரம், "நான் என்ன உற்சவரா, படி போட்டு இறக்க?" என்றார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் கால் வலி, சனிக்கிழமை என்றால் தலைசுற்றல். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, நான் பட்டறைக்குக் கிளம்பியதும் பக்கத்து வீட்டு மாமியோடு ஆட்டோவில் கோயிலுக்குப் போய்வருகிறார் என்று. ஆட்டோவின் தளம் தாழ்ந்தது, இருக்கை உயர்ந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது.

அன்றிரவு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நான் அளந்த இரண்டு வண்டியில், செடானின் பின்சீட்டு விளிம்பு தரையிலிருந்து 48 செ.மீ., எஸ்யூவியில் 76. அம்மா வீட்டில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழும் நாற்காலி 55. வாங்குவதற்கு முன்பே அளந்திருந்தால் எத்தனை லட்சம் மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய வண்டிகள் நிறுத்தியதும் தானே இறங்கும் என்று யாராவது திருத்த வருவார்கள். ரேஞ்ச் ரோவர் சுமார் 5 செ.மீ. இறங்குகிறது, உங்கள் 75 லட்சத்துக்கு அது வராது.

இன்னொன்று, ஏலகிரி. மொத்தமே 14 கொண்டை ஊசி வளைவு. செடானில் தூங்கிக்கொண்டு வந்த அம்மா, எஸ்யூவியில் ஒன்பதாவது வளைவில் வாந்தி எடுத்தார். உயரமான வண்டி சாயத்தான் செய்யும்.

அதற்காகச் செடானைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். 5 சீரிஸின் இப்போதைய மாடலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,105 மி.மீ. காலை நீட்டிப் படுக்கலாம், ஆனால் அவ்வளவு நீளமான வண்டி வேகத்தடையில் ஏறினால் வயிறு தட்டும். வேகத்தடைக்கு இந்தியச் சாலைப் பேராயம் ஓர் அளவு வைத்திருக்கிறது, 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். எங்கள் தெருவில் இருப்பது ஒட்டகத்தின் திமில். வெள்ளைக்கோடு கிடையாது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 2023 நவம்பரிலிருந்து சாலை வரி 20 சதவீதம். 70 லட்சத்து வண்டிக்குச் சுமார் 14 லட்சம். அதில் ஒரு டப்பா பெயிண்ட் வாங்க முடியாதா? முன்பு எஸ்யூவிக்கு 50, பெரிய செடானுக்கு 48 என்று வரியில் சிறு வித்தியாசமாவது இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 40 சதவீத ஜிஎஸ்டிதான். அதனால் வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். எந்த வண்டி வாங்கினாலும் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். என் அத்தை மகன், அவர் பையனின் மாப்பிள்ளை அழைப்புக்குச் செடானைக் கேட்டார். கொடுத்தேன். பானெட் முழுக்கப் பூவைச் செலோடேப்பால் ஒட்டி, வெயிலில் நாள் முழுக்க நிறுத்தி, மறுநாள் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். பசை போக பாலிஷ் போட்டதற்கு நான்தான் பணம் கட்டினேன். அது போகட்டும். அந்தக் கல்யாணத்தில் என் அம்மாவை மூன்றாவது பந்தியில் உட்கார வைத்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

எஸ்யூவியைப் போன வருடம் நஷ்டத்துக்கு மாற்றிவிட்டேன். இந்த முறை அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். விற்பனைப் பையன் திரையைக் காட்டினான், கூரைக் கண்ணாடியைத் திறந்து காட்டினான். அம்மா எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் மூன்று முறை ஏறி இறங்கினார். மூன்றாவதாக நின்றது சிறிய எஸ்யூவி, இருக்கை 60 செ.மீ. இடுப்பைச் சாய்த்தால் சீட்டு, திரும்பினால் கால் உள்ளே. "இதில் நானே இறங்குவேன்" என்றார். உள்ளே கொஞ்சம் சத்தம் வருகிறது, செடானின் சுகம் இல்லை. எனக்கு அந்தக் குறை உண்டு.

நீங்களும் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போங்கள், கோயிலுக்குக் கட்டும் புடவையோடும் வேட்டியோடும். டேப்பும் எடுத்துப்போங்கள்.

அத்தை மகன் நேற்று போன் செய்தார். புது வண்டி என்ன விலை என்று விசாரித்தார். இரண்டாவது பையனுக்கு மண்டபம் பார்த்துவிட்டாராம்.