கேள்வி பதில்: அமெரிக்க வீரர் கோர்டன் ரயன் தோற்றதே இல்லையா?

கேள்வி: சட்டையைப் பிடிக்காமல் மோதும் ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டையில் கோர்டன் ரயனை அடிக்க ஆளே இல்லை என்று தம்பி எங்கள் தோட்டத்து லயத்தையே இரண்டாக்குகிறான். நிஜமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: கிட்டத்தட்ட நிஜம்தான். ஏடிசிசி என்ற உலகப் பிடிச்சண்டைப் போட்டியில் 2017இல் 88 கிலோ பிரிவில் வென்றவர், 2019இல் 99 கிலோ பிரிவோடு எடை வரம்பில்லாத பட்டத்தையும் அள்ளினார், 2022இல் 99 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவு போதாதென்று பிரேசில் வீரர் அன்ட்ரே கல்வாவோவைப் பின்னாலிருந்து கழுத்தை நெரித்துப் பணிய வைத்தார். ஆனால் 2017இல் எடை வரம்பில்லாத இறுதியில் இன்னொரு பிரேசில் வீரர் ஃபெலிப்பே பெனாவிடம் தோற்றதைத் தம்பி சொல்லியிருக்க மாட்டார்! அப்புறம், இந்த விளையாட்டில் எதிராளியின் கால்விரல்களை அக்குளில் அடக்கி, குதிகாலை முழங்கை மடிப்பில் மாட்டித் திருப்பும் ‘ஹீல் ஹூக்’ பிடியில் சேதமாவது முழங்கால், மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும், அதனால் லயத்து வாசலில் அதைப் பழக வேண்டாம் என்று சொல்லுங்கள்.